சொட்டை விழுந்தால்: ஒட்டுவதா, தடவுவதா, நடுவதா, மழிப்பதா?

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு வருகிறவர்கள் எல்லாம் கடலைப் பார்த்து உட்காருவார்கள். நான் மூன்று வருஷம் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவன். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து கரையேறும். அதை நெற்றியில் வாங்கினால், இடது காதுக்கு மேலிருந்து இழுத்து வலப்பக்கம் படியவைத்திருந்த முடி கதவு மாதிரி திறந்துகொள்ளும். முதுகில் வாங்கினால், உச்சியில் மிச்சமிருப்பது முன்னால் விழுந்து நெற்றியை மூடும். கடலூரில் மீனவர்களுக்கு அடுத்தபடியாகக் காற்றின் திசையை அறிந்தவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

26 வயதில் முன்நெற்றி ஏறத் தொடங்கியது. இப்போது 34. இடையில் மறைத்துப் பார்த்தேன், மருந்து தடவினேன், முடி நடுவதற்கு விசாரித்துவிட்டுத் திரும்பினேன், கடைசியில் மழித்தேன். இந்த நான்கில் எது தேவலை என்று கேட்கிறவர்களுக்குக் காசுக் கணக்கை மட்டும் சொல்வது போதாது. ஒவ்வொரு வழியும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை உங்கள் தலையை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் தண்ணீர், ஹெல்மெட், எண்ணெய். எங்கள் ஊரில் யாருக்கு முடி கொட்டினாலும் பழி போர் தண்ணீர்மேல் விழும். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழவைக்கும். ஆனால் நெற்றியிலும் உச்சியிலும் மட்டும் விழுகிற ஆண் வழுக்கை வேர் சம்பந்தப்பட்டது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை ஒரு நொதி டிஹெச்டி என்ற வேறொன்றாக மாற்றுகிறது. பரம்பரையாக அதைத் தாங்காத வேர்கள், ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிட மெலிந்த முடியை வளர்க்கும். கடைசியில் பூனைமுடியாகி நின்றுவிடும். தண்ணீர்தான் காரணம் என்றால் பின்னந்தலையும் சேர்ந்தல்லவா கொட்ட வேண்டும்? அதே வாளித் தண்ணீரைத்தானே அதற்கும் ஊற்றுகிறோம். ஹெல்மெட்டும் நிரபராதிதான். சின்ன வெங்காயச் சாறு, பாட்டிகள் புழுவெட்டுக்குச் சொன்னது. வட்டவட்டமாகக் கொட்டும் அது வேறு நோய், உடம்பின் எதிர்ப்பு சக்தியே வேரைத் தாக்குவது. கரிசலாங்கண்ணி எண்ணெய்க்கு நான் இரண்டு வருஷம் கொடுத்தேன். கறுத்தது தலையணை உறைதான்.

சரி, மறைத்தல். வாரி மூடுவதற்குக் காசு கிடையாது. ஆனால் நாலு வழியில் இதுதான் அதிக விலை என்பேன். எதிரில் பேசுகிறவரின் கண் ஒரு விரற்கடை மேலே போனாலும் பேச்சு தடுமாறும். பைக்கில் யாராவது பின்னால் ஏறினால் உச்சி தெரியுமே என்ற நினைப்பு. கல்யாண வீட்டில் வீடியோக்காரர் லைட்டைத் தூக்கினால் நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். பேட்ச் என்பது விக்கின் தம்பி. உச்சியை மழித்து, டேப்பிலோ பசையிலோ ஒட்டுவார்கள். நான் விசாரித்த இடத்தில் 18,000 ரூபாய், மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவி ஒட்ட 1,000. புகைப்படத்துக்கு அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் தாராளமாக யோசிக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் கடலூர் வியர்வையைச் சுமந்துகொண்டு திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் நிற்கிறவனுக்கு ஓரம் தூக்கும், அரிக்கும். நாலு பேர் நடுவில் சொறியவும் முடியாது. பெண் பார்க்கும்போது பேட்சோடு போய் உட்காரலாமா என்று ஒருவர் கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு எப்போது கழற்றுவதாக உத்தேசம் என்று திருப்பிக் கேட்டேன்.

அப்புறம் மருந்து. நான் அதிகம் மதிப்பதும் ஜனங்கள் அதிகம் தப்பாகப் பயன்படுத்துவதும் இதைத்தான். மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் அதைத் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். 1988இல் அமெரிக்காவில் அந்தத் திரவத்துக்கு அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டரைடின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். வீங்கிய புராஸ்டேட் சுரப்பிக்கு 1992இல் 5 மில்லிகிராமாக வந்தது, 1997இல் 1 மில்லிகிராம் மாத்திரையாக வழுக்கைக்கு வந்தது. முன்னது வேரைத் தூண்டும், பின்னது டிஹெச்டி உண்டாவதைக் குறைக்கும்.

எனக்கு மருத்துவர் 5 சதவீத மினாக்ஸிடிலை காலை ஒரு மில்லி, இரவு ஒரு மில்லி என்று எழுதினார். 60 மில்லி பாட்டில் சரியாக ஒரு மாதம் வரும். மாத்திரையும் சேர்த்து மாதம் ஆயிரம் ரூபாய் போல ஆனது. மூன்றாம் வாரம் சீப்பில் கொத்தாக முடி வந்ததும் பாட்டிலைத் தூக்கி எறியப் போனேன். அது எதிர்பார்க்க வேண்டியதுதான், பழைய முடி விழுந்து புதிய சுற்று தொடங்குகிறது என்று யாரும் சொல்லவில்லை. நிறையப் பேர் அங்கேதான் நிறுத்திவிட்டு, 'அந்த மருந்தால்தான் கொட்டியது' என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நாலு மாதமாவது பொறுக்க வேண்டும். எனக்கு உச்சி ஓரளவு அடர்ந்தது. நெற்றி திரும்பி வரவில்லை. வழுவழுவென்று ஆகிவிட்ட இடத்தில் இந்த மருந்திடம் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது.

இதன் உண்மையான விலை அந்த ஆயிரம் அல்ல. நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்ததெல்லாம் போய்விடும் என்பதுதான். ஊருக்குப் போகும்போது பாட்டில், பண்டிகைக்குப் போகும்போது பாட்டில். ஃபினாஸ்டரைடு சிலருக்குத் தாம்பத்திய ஆர்வத்தைக் குறைக்கும், சிலருக்கு மனச்சோர்வு தரும். ஆகவே மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்குகிற வேலை வேண்டாம். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. வரிசை நீளம்தான், ஆனால் தலையைப் பார்த்துவிட்டு எழுதுவார்கள். 40 தாண்டியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மாத்திரை புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனையின் அளவை ஏறக்குறையப் பாதியாகக் காட்டும், அதனால் ரத்தம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா? மினாக்ஸிடில் பூனைக்கு விஷம், தலையணை உறையில் பட்டதை நக்கினாலும் ஆபத்து.

முடி நடுவது ஏன் வேலை செய்கிறது என்பது எனக்குப் பிடித்த கதை. நியூயார்க்கில் தோல் மருத்துவராக இருந்த நார்மன் ஓரென்ட்ரைக் 1950களில், பின்னந்தலை முடியை முன்னால் நட்டால் அது முன்தலை முடியாக மாறுவதில்லை, பின்னந்தலை குணத்தோடேயே வாழ்கிறது என்று காட்டினார். டிஹெச்டியைத் தாங்கும் வேர், எங்கே போனாலும் தாங்குகிறது. எஃப்யூடி முறையில் பின்னந்தலையில் ஒரு பட்டை தோலை வெட்டி எடுப்பார்கள், கோடு மாதிரி தழும்பு நிற்கும். எஃப்யூஇ முறையில் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பார்கள், புள்ளித் தழும்புகள்தான். நட்ட முடி முதல் சில வாரங்களில் கொட்டிவிடும். மூன்று, நாலு மாதத்துக்கு மேல்தான் துளிர்க்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம்.

புதுச்சேரியில் ஓர் இடத்துக்குப் போனேன். டை கட்டிய தம்பி ஒருவர் என் நெற்றியில் ஸ்கெட்ச் பேனாவால் பத்தாம் வகுப்பில் எனக்கிருந்த கோட்டை வரைந்தார். 2,500 கிராஃப்ட் (அதாவது பின்னந்தலையிலிருந்து எடுத்து நடும் வேர்க்கொத்து) என்றார், 95,000 ரூபாய் என்றார், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். டாக்டர் எங்கே என்று கேட்டேன். "ஆபரேஷன் அன்னைக்கு வருவாரு சார்." நான் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இந்தச் சிகிச்சைக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில், முறையான பயிற்சி பெற்ற பதிவு மருத்துவர்தான் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது போதாது என்றே சொன்னது. அதைச் சொல்ல வேண்டிய நிலைமை இருந்திருக்கிறது, பாருங்கள்.

அந்தத் தம்பி சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நட்டது நிற்கும், ஆனால் நடாத பழைய முடி தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே போகும். மருந்தைத் தொடராவிட்டால் ஐந்தாறு வருஷத்தில் முன்னால் ஒரு தீவும் பின்னால் ஒரு வெட்டவெளியும் மிஞ்சலாம். ஆகவே நடுவதும் தடவுவதும் போட்டியாளர்களே அல்ல, முன்னது பின்னதைக் கூடவே இழுத்துக்கொண்டு வரும். பின்னந்தலை ஒரு சேமிப்புக் கணக்கு, வட்டி கிடையாது. 25 வயதில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் 40இல் எடுக்க ஒன்றும் இருக்காது. இதையும் சொல்லிவிடுகிறேன்: என் நண்பன் ஒருவன் 36 வயதில், வழுக்கை ஒரு நிலைக்கு வந்து நின்ற பிறகு, மருத்துவரே கூட இருந்து செய்கிற இடமாகத் தேடிப் போய் நட்டுக்கொண்டான். நன்றாக இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்துத் தலை வாருவதில் அவனுக்கு இருக்கும் சந்தோஷத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை.

நான் மழித்தது திட்டமிட்டு அல்ல. அக்கா மகனுக்குத் திருவந்திபுரத்தில் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்தவன் கத்தியைப் பார்த்ததும் அலறினான். "மாமாவும் போட்டுக்கறேன்டா" என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். இதில் ஒரு சௌகரியம் இருப்பது பிறகுதான் புரிந்தது. நம்மூரில் மொட்டைக்கு யாரும் காரணம் தேடுவதில்லை. திருப்பதியா, பழனியா என்று ஒரு வாரம் கேட்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். தலையின் வடிவம் நமக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. பிடிக்காவிட்டால் வளர்த்துக்கொள்ளலாம், வேண்டுதல் கணக்கில் போய்விடும். மீசையை மட்டும் எடுக்காதீர்கள், வீட்டில் துக்கமா என்று விசாரிப்பார்கள். எனக்கு லேசான தாடியும் சேர்ந்தபோதுதான் முகம் நிறைந்தது.

இப்போது 1,800 ரூபாய் ட்ரிம்மரில் நாலு நாளுக்கு ஒருமுறை வீட்டிலேயே ஓட்டிக்கொள்கிறேன். நட்டமும் உண்டு. கல்யாணத் தரகர் புதுப் போட்டோவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வருகிற ஜாதகங்கள் குறைந்தது உண்மைதான். ஆனால் வந்தவர்கள் தலையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், பேச்சு வேறு விஷயங்களில் ஆரம்பித்தது.

25க்குள் மெலிய ஆரம்பித்தவருக்கு நான் சொல்வது மருத்துவரும் மருந்தும்தான், இருப்பதைக் காப்பாற்ற அந்த வயதுதான் தோது. 35 தாண்டி, கொட்டுவது நின்று, கையில் காசும் பின்னந்தலையில் முடியும் இருப்பவர் நடலாம். மருந்துப் பாட்டிலோடு வாழ அலுத்துப்போனவருக்கு ட்ரிம்மர். வாரி மூடுவதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மழித்த தலைக்கு வெயில் உறைக்கும். வெளியே போகுமுன் உச்சியில் சன்ஸ்கிரீன் தடவியாக வேண்டும். நேற்று அதைத் தேய்த்துக்கொண்டிருந்ததை அம்மா வாசல்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "முடி இருந்தப்ப ஒரு சொட்டு எண்ணெ வெக்க விட்டிருப்பியாடா நீ?" என்றார்.