வடகொரியாவைத் தென்கொரியத் தொடர்களில் பார்த்த பத்து வருஷம்

கல்லூரி விடுதியில் நண்பன் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்த முதல் கொரியன் தொடர் 'ஐரிஸ்' (2009). அதில் வடகொரியர் என்றாலே துப்பாக்கி, சதி, சியோல் நகருக்குள் அணுகுண்டு. சியோலின் குவாங்வாமுன் சாலையை மறித்து எடுத்த சண்டையை இப்போதும் ரசிப்பேன். ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்பது 20 எபிசோடு பார்த்தும் மனதில் பதியவில்லை. அப்புறம் பார்த்த 'தி கிங் டூ ஹார்ட்ஸ்' (2012) தென்கொரிய இளவரசனுக்கு வடகொரிய ராணுவப் பெண்ணை ஜோடி சேர்த்தது. ஆசை நல்ல ஆசைதான், கதை பாதியில் எங்கோ போய்விட்டது.

சாப்பாடு கண்ணில் பட்டது 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ'வில்தான். 2019 டிசம்பரில் தொடங்கிய தொடர்; தவறி வடக்கில் வந்து விழும் தென்கொரியப் பெண்ணுக்கும் வடகொரிய ராணுவக் கேப்டனுக்கும் காதல். மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை காதலுக்காக, அதை விடுங்கள். இரண்டாம் முறை சந்தைக்காக. ஷாம்பு வாங்கப் போகும் கேப்டனுக்குக் கடைக்காரம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, 'கீழூர்ச் சரக்கு' என்று தென்கொரியப் பொருளை மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். கரண்ட் போய் ரயில் வெட்டவெளியில் நிற்க, ஊர்க்காரர்கள் விற்பதற்குத் தின்பண்டங்களோடு ஓடி வருவார்கள். வடக்கிலிருந்து தப்பி வந்த ஒருவர் எழுத்துக் குழுவில் இருந்திருக்கிறார். இதெல்லாம் அவர் கொண்டுவந்ததாக இருக்கலாம். ரயில் காட்சிகளை மங்கோலியாவில் போய் எடுத்தார்கள்.

மூன்றாம் முறை உறுத்தல் தொடங்கியது. கிம்ச்சி ஊறுகாய் போடும் பெண்கள், மெழுகுவர்த்தி, வம்பளப்பு எல்லாம் தென்கொரியர்களின் தாத்தா பாட்டி ஊர்தான். வடக்கை எதிரி என்ற இடத்திலிருந்து இறக்கி, தொலைந்துபோன சொந்த ஊராக மாற்றிவிட்டார்கள். கொடுமை எல்லாம் ஒரு கெட்ட அதிகாரியின் தலையில். அவனுக்கு மேலே இருப்பவர்களைக் கதை அதிகம் சீண்டாது. இவ்வளவு கவனமாக எடுத்தும், வடக்கை அழகாகக் காட்டுகிறது என்று தென்கொரியாவில் ஒரு கட்சி போலீஸில் புகார் கொடுத்தது! வடக்குப் பேச்சு வழக்கு வசப்படும் என்று நினைத்தேன், சப்டைட்டில் அதை அப்படியே விழுங்கிவிட்டது.

கேப்டனின் படையில் தென்கொரிய சீரியல் பைத்தியமான ஒரு சிப்பாய் வருவான். முதல் இரண்டு முறையும் எனக்கு அவன்தான் செல்லம். 2020 டிசம்பரில் வடகொரியா கொண்டுவந்த சட்டப்படி, தெற்கத்திய நாடகம் பார்த்தாலே பல வருஷம் உழைப்பு முகாம். அதைப் படித்த பிறகுதான் மூன்றாம் முறை பார்த்தேன். அவன் வாயைத் திறந்து ஒரு வசனத்தை ஒப்பித்தால் போதும், 'டேய், மெதுவாப் பேசுடா' என்கிறேன்.