டிரெக்ட் பேமென்ட் எடுக்கிறீர்களா? பேஸ்லிப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள்

போன கிழமை இங்கே இங்கிலாந்தில் கோயில் வாசலில் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கையில் திணித்தார்கள். "கவுன்சில் காசு, பேரோல், கணக்குவழக்கு எல்லாம் நாங்கள் பார்ப்போம். நீங்கள் பெற்றோரைப் பாருங்கள்" என்று தமிழில் அச்சடித்திருந்தது. ஆட்கள் வேறு. ஆனால் இதே வசனத்தை நம்பித்தான் போன வருடம் நான் ஏமாந்தேன். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 2024 கடைசியில் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு கவுன்சில், அதாவது உள்ளூராட்சிச் சபை, ஏஜென்சி ஆட்களை அனுப்பியது. அரை மணித்தியாலம்தான் நிற்பார்கள், ஒவ்வொரு நாளும் வேறு முகம். அம்மாவின் ஆங்கிலம் "ஓகே, தேங்க்யூ" அளவுதான். சாப்பிட்டீர்களா என்றாலும் ஓகே, நோகிறதா என்றாலும் ஓகே. அப்போதுதான் சோஷல் வேர்க்கர் டிரெக்ட் பேமென்ட் பற்றிச் சொன்னார். 2014ஆம் ஆண்டின் கேர் அக்ட்டின்படி, பராமரிப்புக்கு என்று ஒதுக்கிய தொகையைக் காசாகவே வாங்கி, நமக்குப் பிடித்த ஆளை வேலைக்கு வைக்கலாம். ஒரே வீட்டில் இருக்கும் மகளுக்கு அதில் சம்பளம் கொடுக்க முடியாது, கவுன்சில் அவசியம் என்று ஒப்புக்கொண்டால் ஒழிய. ஆகவே பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவைக் கேட்டோம். கிழமைக்கு 21 மணித்தியாலம், மணிக்கு 13 பவுண்ஸ். இரண்டாம் நாளே அம்மா, "இந்தப் பிள்ளைக்குத்தான் பிளேன்ரீ போடத் தெரியுது" என்றா. அந்த முடிவில் இன்றைக்கும் எனக்குக் குறை இல்லை.

பிழை நடந்தது காசைக் கையாள விட்ட இடத்தில்.

தெரிந்த ஒருவர், சம்பளக் கணக்குப் பார்க்கும் ஒரு பேரோல் கம்பனியைக் காட்டிவிட்டார். (ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவருக்கு ஒரு தொகை கிடைத்தது என்று பிறகுதான் அறிந்தேன்.) கவுன்சில் காசு நேரே அவர்களின் கணக்குக்குப் போகும், அவர்கள் சம்பளம் போடுவார்கள், வரி கட்டுவார்கள், காப்புறுதியும் எடுப்பார்கள் என்றார்கள். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம் அக்கா, எல்லாம் நாங்கள் பாப்பம்." அம்மாவின் விரலைப் பிடித்துக் கையெழுத்து வைக்கச் செய்தேன். 78 வயதில் அம்மா ஒரு முதலாளி ஆகிவிட்டா என்பது அன்றைக்கு அவவுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. காசை யார் வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வேலை கொடுப்பவர் அம்மாதான். பேரோல் கம்பனி வெறும் கணக்கப்பிள்ளை.

2025 மே தொடக்கம் டிசம்பர் வரை எட்டு பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) வந்தது. எல்லாம் வடிவாக இருந்தது. மாதச் சம்பளம் 1,183 பவுண்ஸ். அதில் வரி 27, நேஷனல் இன்ஷூரன்ஸ் (அரசுக் காப்புறுதிக் கட்டணம்) 11, பென்ஷன் 33 கழித்து 1,112 அக்காவின் வங்கிக்கு வந்தது. சம்பளம் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. அதுதான் எங்களை நித்திரையாக்கியது.

ஜனவரியில் அக்காவின் மகள் தாயின் போனில் எச்எம்ஆர்சி என்ற வரித் திணைக்களத்தின் ஆப்பை இறக்கிக் கொடுத்திருக்கிறாள். அக்கா வந்து மெதுவாகக் கேட்டா: "தங்கச்சி, நான் உங்களிட்ட வேலை செய்யிறதா அதில ஒண்டும் இல்லையே?" வேலை செய்யும் இடம் என்ற பகுதியில் வெறுமை. எட்டு மாதமும் வெறுமை. பென்ஷன் கணக்கைத் தேடினால், அப்படி ஒன்று திறக்கப்படவே இல்லை. எச்எம்ஆர்சிக்கு எடுத்துக் கதைத்தேன். பேஸ்லிப்பில் அச்சடித்திருந்த முதலாளி இலக்கம் அம்மாவின் பெயரில் இல்லை என்றார்கள். அம்மா என்ற முதலாளி அவர்களின் பதிவிலேயே கிடையாது.

பிறகுதான் கணக்குத் தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். அக்காவின் சம்பளத்தில் பிடித்தது 568 பவுண்ஸ். முதலாளியின் பென்ஷன் பங்கு என்று 160. அவை எங்கே போயின என்று கேட்க வேண்டியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது இன்னொரு பதிவைப் பார்த்து. முதலாளி கட்டவேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் என்று மாதம் 115 எடுத்திருந்தார்கள், எட்டு மாதத்தில் 920 பவுண்ஸ். 2025 ஏப்ரலில் இருந்து வருடம் 5,000 பவுண்ஸுக்கு மேல் 15 வீதம் என்பது உண்மைதான். ஆனால் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு 10,500 பவுண்ஸ் வரை அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும். வீட்டில் பராமரிப்புக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும் அது 2015இல் இருந்து உண்டு. கேட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எங்களைப் போன்ற ஒரு வீட்டுக்கு அந்தக் கட்டணம் பூச்சியமாக இருந்திருக்க வேண்டும். இல்லாத கடனுக்கு எங்களிடம் காசு எடுத்து, அதையும் கட்டவில்லை.

காப்புறுதியும் இல்லை. வேலையாளுக்கான கட்டாயக் காப்புறுதி இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 2,500 பவுண்ஸ் வரை அபராதம் போடலாம். அந்த எட்டு மாதமும் அக்கா அம்மாவைத் தூக்கித்தான் குளிக்கவார்த்தா. அவவின் நாரி ஒருநாள் பிடித்திருந்தால் என்ன கதி என்று இப்போதும் நினைப்பேன்.

கம்பனிக்கு அடித்தேன். முதல் கிழமை "மேனேஜர் லீவில்", அடுத்த கிழமை போனே வேலை செய்யவில்லை. கம்பனிகளைப் பதியும் கம்பனிஸ் ஹவுஸின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்க ஒரு சதமும் செலவில்லை, இரண்டு நிமிடம் போதும். கையெழுத்துக்கு முன் பார்த்திருக்க வேண்டியதைப் பிறகு பார்த்தேன். வருடாந்தக் கணக்குகள் காலம் கடந்து கிடந்தன, பதிவிலிருந்து நீக்கும் அறிவித்தலும் வந்திருந்தது. காசு வரவேண்டியவர்கள் அந்த நீக்கத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம், அறிவித்தலிலிருந்து இரண்டு மாதமாவது தருவார்கள். தெரிவித்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் அந்தத் தவணையை விட்டுவிடாதீர்கள், கம்பனி இல்லாமல் போனபிறகு யாரிடம் கேட்பது?

கவுன்சில் முதலில் சொன்னது, "நீங்களாகத் தெரிந்தெடுத்த கம்பனி" என்று. சரி, அந்தப் பழி எனக்குத்தான். ஆனால் டிரெக்ட் பேமென்ட் எப்படிப் போகிறது என்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை பார்ப்பது அவர்களின் கடமை. நவம்பரில் யாரும் வரவில்லை, ஒரு போன் அழைப்புக்கூட இல்லை. வந்து பென்ஷன் கடிதத்தைக் காட்டு என்று கேட்டிருந்தாலே விஷயம் அன்றைக்கு உடைந்திருக்கும். அதை எழுதி முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பதில் சரியில்லை என்றால், கவுன்சில் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மனிடம் போவேன். விஷயம் தெரியவந்து 12 மாதத்துக்குள் போகவேண்டும், செலவில்லை. உங்கள் கம்பனியைக் கவுன்சிலே ஏற்பாடு செய்து தந்திருந்தால் உங்கள் பிடி என்னுடையதைவிட இறுக்கம், அந்தக் கம்பனியின் பிழைக்குக் கவுன்சில்தான் பதில் சொல்லவேண்டும்.

இப்போது காசு தனிக் கணக்கில், அம்மாவின் பெயரில் வருகிறது. அம்மாவை முறைப்படி முதலாளியாகப் பதிந்து, எச்எம்ஆர்சி இலவசமாகத் தரும் மென்பொருளில் நானே சம்பளக் கணக்குப் போடுகிறேன். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு அது போதும். முதல் மாதம் இரவு இரண்டு மணி வரை இருந்தேன், இப்போது அரை மணித்தியாலம். பழைய எட்டு மாதத்தையும் பிந்தியாவது பதிந்துவிட்டேன். பிந்திப் பதிந்ததற்கான அபராதம் பற்றிய மேன்முறையீடு இன்னும் கிடக்கிறது. அக்காவிடம் பிடித்த 568 பவுண்ஸுக்கு நாங்கள்தான் பொறுப்பு என்பதால் வரியையும் பென்ஷனையும் கைக்காசில் கட்டினோம். வேண்டாம் என்று அக்கா மறுத்தா. அம்மா விடவில்லை.

சம்பளம் போட்ட அன்று அக்கா வந்ததும் போனை எடுத்து ஆப்பைத் திறந்து அம்மாவுக்குக் காட்டுவா. கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் "வந்திட்டுதோ பிள்ளை?" என்று கேட்டு, எட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பிளேன்ரீயைக் கையில் எடுப்பா.