பாக்ஸிங் வளையத்தில் எம்எம்ஏ வீரர், கூண்டில் பாக்ஸர்: யாருக்கு அதிக நேரம் கிடைக்கிறது?

எம்எம்ஏ என்பது குத்து, உதை, பிடி எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டை. ஒரு எம்எம்ஏ ஹெவிவெயிட்டும் (மிக அதிக எடைப் பிரிவு வீரர்) ஒரு பாக்ஸிங் ஹெவிவெயிட்டும் மோதினால் யார் ஜெயிப்பார்? "யாருடைய விதியில் நடக்கிறதோ அவர்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் சுவாரஸ்யமான பகுதி விட்டுப்போய்விடும். தோற்கிறவர் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறார்? தோற்பதற்கு முன் எதிராளியைக் கலங்கடிக்க அவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது? இதைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. பாக்ஸிங் வளையத்துக்கு வரும் எம்எம்ஏ ஹெவிவெயிட்டுக்குக் கிடைக்கிற நேரம், கூண்டுக்குள் போகும் பாக்ஸருக்குக் கிடைப்பதைவிட அதிகம் என்பது என் கணிப்பு. எம்எம்ஏ வீரர்கள் பாக்ஸர் அளவுக்குக் குத்தத் தெரிந்தவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை.

இந்த விவாதத்துக்கு இருக்கிற மிக நல்ல சாட்சியம் பிரான்சிஸ் எங்கானு. ஒரே ஆள், ஒரே நகரம், ஐந்து மாதத்துக்குள் இரண்டு சண்டைகள், நேரெதிரான இரண்டு முடிவுகள். கேமரூனில் பிறந்த எங்கானுவுக்கு முதலில் இருந்த ஆசையே பாக்ஸராவதுதான். 2013-இல் பாரிஸ் வந்து, தங்க இடமில்லாமல் தெருவில் படுத்திருந்த காலத்தில், பயிற்சியாளர் ஒருவர் பேசித்தான் எம்எம்ஏ பக்கம் போனார். 2021-இல் ஸ்டீபே மியோசிச்சை நாக்அவுட் செய்து, எம்எம்ஏவின் மிகப் பெரிய அமைப்பான யுஎஃப்சியின் ஹெவிவெயிட் சாம்பியனானார். 2023 தொடக்கத்தில் யுஎஃப்சியை விட்டு வெளியேறி, அதே வருடம் அக்டோபர் 28 அன்று ரியாத்தில் டைசன் ஃபியூரியை எதிர்த்து வளையத்தில் ஏறினார். தொழில்முறை பாக்ஸிங்கில் அது அவருக்கு முதல் சண்டை. எதிரில் நின்றவரோ தோல்வியே காணாத டபிள்யூபிசி (உலகப் பட்டம் வழங்கும் பாக்ஸிங் அமைப்புகளில் ஒன்று) சாம்பியன்.

மூன்றாவது ரவுண்டில் எங்கானுவின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) விழுந்தது, ஃபியூரி தரையில் உட்கார்ந்தார். பட்டம் பணயமாக வைக்கப்படாத பத்து ரவுண்டு சண்டை அது. கடைசியில் ஃபியூரி பிளவுத் தீர்ப்பில் (நடுவர்கள் ஒருமனதாக இல்லாத முடிவு) தப்பித்தார்: ஒரு நடுவர் 96-93, இன்னொருவர் 95-94 என்று ஃபியூரிக்குக் கொடுக்க, மூன்றாமவர் 95-94 என எங்கானுவுக்குக் கொடுத்தார். அன்று எங்கானு ஜெயித்துவிட்டார் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

அந்த ஹூக்கைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். என் கண்ணில் அதைவிட முக்கியமாகப் பட்டது கட்டிப்பிடி நேரம். ஃபியூரி பெரிய உடம்பை எதிராளியின் மேல் சாய்த்து, கிளிஞ்சில் (கட்டிப்பிடித்த நிலையில்) கழுத்தை அழுத்தி, அவர் மூச்சைத் தீர்க்கிறவர். அமெரிக்க ஹெவிவெயிட் பாக்ஸர் டியான்டே வைல்டரை அப்படித்தான் கரைத்தார். எங்கானுவிடம் அது செல்லவில்லை. இருவருமே 270 பவுண்டுக்கு மேல். அதோடு, சாய்ந்து அழுத்துகிற உடம்பைத் தாங்குவது எங்கானுவின் அன்றாடப் பயிற்சி. கூண்டில் சுவரோடு ஒட்டவைத்து நிமிடக்கணக்கில் நசுக்குவார்கள். அங்கே பழகியவருக்கு, ரெஃபரி ஓடிவந்து பிரித்துவிடுகிற பாக்ஸிங் கிளிஞ்ச் ஓய்வு நேரம் மாதிரி. ஃபியூரி தன்னுடைய ஆயுதங்களில் ஒன்றை எதிராளிக்குப் பழக்கமான இடத்தில் போய்ப் பயன்படுத்திப் பார்த்தார். கூடவே, அவர் அந்தச் சண்டையை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு வந்ததாகவே தெரியவில்லை.

அப்புறம் 2024 மார்ச் 8. மறுபடியும் ரியாத். இந்த முறை எதிரில் ஆன்டனி ஜோஷுவா, 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், இரண்டு முறை உலக சாம்பியன். ஜோஷுவாவின் மூலையில் பயிற்சியாளராக நின்றவர் பென் டேவிசன், ஒரு காலத்தில் ஃபியூரிக்கே பயிற்சி கொடுத்தவர். எங்கானு ஃபியூரியோடு போட்ட பத்து ரவுண்டும் வீடியோவில் இருக்கிறது. அதைப் பார்த்துப் படிக்க நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. முதல் ரவுண்டிலேயே ஜோஷுவாவின் நேர் வலது கை எங்கானுவைக் கீழே தள்ளியது. இரண்டாவது ரவுண்டில் இன்னும் இரண்டு முறை விழுந்தார், கடைசி முறை நினைவில்லாமல்.

ஜோஷுவா செய்ததில் மாயம் எதுவும் இல்லை. கட்டிப்பிடிக்கப் போகவில்லை, வேடிக்கை காட்டவில்லை. எங்கானுவின் ஹூக் எட்டாத தூரத்தில் நின்று, முன்கையால் போக்குக் காட்டி, அவருடைய கால்கள் தப்பான இடத்தில் நிற்கிற நொடிக்காகக் காத்திருந்தார். முதல் முறை விழுந்தபோது எங்கானு இடக்கை நிலைக்கு (வலது காலும் வலது கையும் முன்னால்) மாறியிருந்தார். அப்படி மாறினால் வலது கைக்காரரின் நேர்க்குத்துக்கு நடுப்பாதை திறந்துகொள்ளும். அதற்கு எதிராகக் காலை எங்கே வைப்பது என்பதை ஒரு பாக்ஸர் சிறு வயதிலிருந்து பழகுகிறார். எங்கானுவுக்கு அந்தப் பாடத்துக்கு நேரமே இருக்கவில்லை. எம்எம்ஏவில் அப்படி மாறுவது சாதாரணம், ஏனென்றால் அங்கே உதையையும் டேக்டவுனையும் (பிடித்துக் கீழே சாய்ப்பது) கணக்கில் வைத்து எதிராளி தள்ளி நிற்பார், மாறுவதற்கு இடம் இருக்கும்.

எம்எம்ஏ வீரரின் குத்து கூண்டில் ஏன் அவ்வளவு எளிதாகப் போய்ச் சேர்கிறது, வளையத்தில் ஏன் சேர்வதில்லை என்பதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது. கூண்டில் எதிராளியின் கவனம் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கிறது. தோள் லேசாக அசைந்தால் அது குத்தா, காலைப் பிடிக்க வருகிறாரா என்று தெரியாது. கை தானாகக் கீழே இறங்கும், தலை திறக்கும். பாக்ஸிங்கில் அந்தப் பயம் கிடையாது. வரப்போவது கை மட்டும்தான், அதுவும் இடுப்புக்கு மேலே மட்டும்தான். எம்எம்ஏ வீரரின் பாதி மிரட்டல் வளையத்தின் கயிற்றுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

கையுறை விஷயமும் சின்னதில்லை. எம்எம்ஏவில் 4 அவுன்ஸ், ஹெவிவெயிட் பாக்ஸிங்கில் 10 அவுன்ஸ். பெரிய கையுறை இருந்தால் அதற்குப் பின்னால் முகத்தையே மறைத்துக்கொள்ளலாம். 4 அவுன்ஸில் அதே தற்காப்பைச் செய்தால் விரல் இடுக்கு வழியாகக் குத்து உள்ளே வந்துவிடும். அதனால் எம்எம்ஏ வீரர் மறைத்துக்கொள்வதை விட விலகிப்போவதையே பழகுகிறார். வளையத்தில் ஏறியதும் புதிய தற்காப்பு ஒன்றைக் கற்க வேண்டியிருக்கிறது, அதுவும் அந்தத் தற்காப்பை உடைப்பதையே தொழிலாகக் கொண்டவர் முன்னால். மூச்சுக் கணக்கும் வேறு. பாக்ஸிங் பட்டச் சண்டை மூன்று நிமிடமாக 12 ரவுண்டு, யுஎஃப்சி பட்டச் சண்டை ஐந்து நிமிடமாக 5 ரவுண்டு. இதைப் பலர் பெரிதாகப் பேசுவார்கள். ஹெவிவெயிட்டில் அந்த அளவுக்குச் சண்டை நீள்வதற்குள் வேறு ஏதாவது நடந்துவிடுகிறது.

சரி, எதிர்ப்பக்கம்?

1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சியிலேயே ஒரு பாக்ஸர் இருந்தார், ஆர்ட் ஜிம்மர்சன். ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். தரைப்பிடிகளில் தேர்ந்த ராய்ஸ் கிரேசி அவரைக் கீழே சாய்த்து மேலே ஏறினார், ஜிம்மர்சன் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒரு உருப்படியான குத்துகூட விழவில்லை. வேடிக்கையாகத் தெரியும், ஆனால் அன்றைக்கு அந்த நிலையில் என்ன செய்வது என்று உலகத்தில் பெரும்பாலானோருக்குத் தெரியாது.

2010-இல் அந்தச் சாக்கு செல்லாது. அந்த வருடம் ஆகஸ்ட் 28 அன்று பாஸ்டனில் ஜேம்ஸ் டோனி யுஎஃப்சி கூண்டில் ஏறினார். மூன்று எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர், ஹெவிவெயிட்டிலும் பெரிய ஆட்களோடு மோதியவர், தோளை உருட்டிக் குத்தைத் தவிர்ப்பதில் அவருக்கு இணையானவர்கள் குறைவு. எதிரில் 47 வயது ராண்டி கோடுர், முன்னாள் யுஎஃப்சி சாம்பியன். கோடுர் தாழக் குனிந்து கணுக்காலைப் பிடித்து இழுத்தார், டோனி மல்லாந்தார். அதற்குப் பிறகு டோனியின் கைகளுக்கு வேலையே இல்லை. 3 நிமிடம் 19 நொடியில், கையையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கும் பிடியில் முடிந்தது.

இங்கேதான் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. வளையத்தில் திணறும் எங்கானுவிடம் அவருடைய மிகப்பெரிய ஆயுதம், அதாவது குத்து, கடைசி நொடிவரை அவர் கையிலேயே இருந்தது. எட்டாவது ரவுண்டில் ஒன்று விழுந்தாலும் ஆட்டம் மாறும். கூண்டில் மல்லாந்து கிடக்கும் டோனியிடம் அவருடைய ஒரே ஆயுதம் பறிக்கப்பட்டுவிட்டது. பாக்ஸர் குத்துவது கையால் மட்டுமில்லை. பாதம் தரையை அழுத்த, இடுப்பு திரும்ப, தோள் வழியாக வருகிற பலம் அது. முதுகு தரையில் பட்டால் அந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. ஆகவே கூண்டில் பாக்ஸருக்கு இருக்கிற நேரம், எதிராளி வந்து தொடுகிற வரைக்கும்தான்.

அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஜெயிக்க முடியாதா? முடியும். 2009 ஜூன் 13, அலபாமாவின் பர்மிங்ஹாம். ரே மெர்சர், 1988 சியோல் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், பழைய டபிள்யூபிஓ ஹெவிவெயிட் சாம்பியன், அன்று வயது 48. எதிரில் இரண்டு முறை யுஎஃப்சி சாம்பியனாக இருந்த டிம் சில்வியா. பாக்ஸிங் சண்டையாகத்தான் முதலில் திட்டமிட்டார்கள், அனுமதிச் சிக்கலால் எம்எம்ஏ விதிக்கு மாறியது. சில்வியா ஒரு காலுதை விட்டார். மெர்சர் ஒரு வலது கை விட்டார். 9 நொடி. பாக்ஸிங் ரசிகர்கள் இன்றுவரை நீட்டுகிற சீட்டு இதுதான், நீட்டட்டும். ஆனால் அதே மெர்சர் இரண்டு வருடம் முன்பு அட்லாண்டிக் சிட்டியில், தெருச்சண்டை வீடியோக்களால் பெயர் வாங்கிய கிம்போ ஸ்லைஸிடம் முதல் ரவுண்டிலேயே கழுத்துப் பிடியில் மாட்டித் தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில்வியா எட்டிப் பிடிக்காமல் நின்று சண்டை போட்டார், கிம்போ பிடித்தார். மெர்சர் இரண்டு நாளும் ஒரே மெர்சர்தான்.

பாக்ஸர் முகமது அலி - ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகி மோதலையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. 1976 ஜூன் 26, டோக்கியோ. இனோகி பெரும்பாலான நேரம் முதுகைத் தரையில் வைத்துக்கொண்டு அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார், 15 ரவுண்டு முடிவில் டிரா. பார்க்கச் சலிப்பான சண்டை, கூட்டமும் எரிச்சலடைந்தது. யார் வலியவர் என்பதை அது சொல்லவில்லை. ஆனால் நிற்பவரின் முன்காலை உதைத்தே அவரைச் செயலிழக்க வைக்கலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. பாக்ஸர் முன்காலில் எடையைப் போட்டு, அதைச் சற்று உள்ளே திருப்பி நிற்பார். உதைக்கு அதைவிட வசதியான இலக்கு கிடையாது. அலியின் கால் வீங்கி, ரத்தம் கட்டி, மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று.

என் கணிப்புக்கு எதிரான ஒரு நியாயமான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். கூண்டுக்குப் போன பாக்ஸர்களில் பெரும்பாலோர் ஓய்வுக் காலத்தில் போனவர்கள். டோனிக்கு 42, மெர்சருக்கு 48. எங்கானு வளையத்துக்கு வந்தது உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்திலிருக்கும் ஹெவிவெயிட் சாம்பியன் ஒருவர் இரண்டு வருடம் டேக்டவுன் தடுப்பு மட்டும் பழகிவிட்டுக் கூண்டில் ஏறினால் கதை வேறாக இருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதான எம்எம்ஏ ஹெவிவெயிட்டை எடுத்தாலும் வித்தியாசம் தெரிகிறது. முன்னாள் யுஎஃப்சி சாம்பியன் ஃபிராங்க் மிர் 2021 ஏப்ரலில், முன்பு குரூசர்வெயிட் (ஹெவிவெயிட்டுக்கு அடுத்த கீழ்ப் பிரிவு) சாம்பியனாக இருந்த ஸ்டீவ் கன்னிங்ஹாமோடு பாக்ஸிங் செய்தார். தோற்றார், ஆனால் ஆறு ரவுண்டும் முடித்துப் புள்ளியில்தான் தோற்றார். அதே வருடம் நவம்பரில், பாக்ஸிங்கையும் எம்எம்ஏவையும் கலந்த விதியில், பல்கேரியாவின் குப்ராத் புலெவ் அவரை முதல் ரவுண்டிலேயே முடித்தார். புலெவ் கன்னிங்ஹாமைவிடப் பெரிய உடம்பு, கனமான கை.

எடை குறைந்த பிரிவுகளில் இந்தக் கணக்கு இன்னும் கறாராக இருக்கிறது. 2017-இல் யுஎஃப்சி வீரர் கானர் மெக்ரெகர், பாக்ஸர் ஃபிளாய்ட் மேவெதருக்கு எதிராக பாக்ஸிங் விதியில் முதல் சில ரவுண்டுகள் நன்றாகவே தெரிந்தார், பத்தாவதில் நிறுத்தப்பட்டார். ஆனால் அந்தப் பத்து ரவுண்டில் மேவெதர் ஒரு முறைகூட ஆபத்தில் இல்லை. எங்கானு ஃபியூரியை விழவைத்தார். 154 பவுண்டில் ஒற்றைக் குத்து திறமை வித்தியாசத்தை அழித்துவிடுவது அபூர்வம். 270 பவுண்டில் அது எந்த ரவுண்டிலும் நடக்கக்கூடியது. முன்னாள் யுஎஃப்சி சாம்பியன் ஆண்டர்சன் சில்வா 46 வயதில், பாக்ஸிங்கில், முன்னாள் உலக சாம்பியன் ஹூலியோ சீசர் சாவேஸ் ஜூனியரைப் புள்ளியில் வென்றதைச் சிலர் காட்டுவார்கள். அது சில்வாவின் நுணுக்கத்துக்குக் கிடைத்த வெற்றி, சாவேஸின் அக்கறையின்மைக்கும்தான்.

அப்படியானால் அடுத்து ஒரு எம்எம்ஏ ஹெவிவெயிட் வளையத்துக்கு வந்தால் எப்படிப் பந்தயம் கட்டுவது? எதிரில் நிற்கும் பாக்ஸர் தூரத்தில் நிற்பவரா, சாய்ந்து கட்டிப்பிடிப்பவரா என்று முதலில் பார்ப்பேன். தூரத்தில் நிற்பவர் என்றால் நான்கு ரவுண்டுக்குள் முடிந்துவிடும். கட்டிப்பிடிப்பவர் என்றால் புள்ளிவரை போகலாம். பிரிட்டனின் யுஎஃப்சி ஹெவிவெயிட் டாம் ஆஸ்பினால் மாதிரி, ஃபியூரிக்கே ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கூட்டாளியாக இருந்த கைவேகக்காரர் வந்தால் எங்கானுவைவிட நன்றாகச் செய்வார் என்று நினைக்கிறேன். ஜெயிப்பார் என்று சொல்லமாட்டேன்.

மறுபக்கம் யாரும் வருவதாகத் தெரியவில்லை. ஃபியூரி 2019-இல் யுஎஃப்சி வீரர் டேரன் டில்லோடு பயிற்சி செய்தார், கூண்டில் ஏறப்போவதாகப் பேசினார், அது பேச்சோடு நின்றது. காரணம் பயமாக இருக்க வேண்டும் என்றில்லை. 2022-இல் யுஎஃப்சி பட்டத்தைக் காத்துக்கொண்ட சண்டைக்கு எங்கானுவுக்கு அறிவிக்கப்பட்ட சம்பளம் 6 லட்சம் டாலர். ஃபியூரி சண்டையில் அவருக்குக் கிடைத்தது அதைப்போலப் பல மடங்கு. பணம் இருக்கிற திசையில்தான் ஆட்கள் நகர்கிறார்கள், அந்தத் திசை இப்போதைக்குக் கூண்டிலிருந்து வளையத்துக்குத்தான்.