சென்னை–கொல்கத்தா காலை விமானம்: ஜன்னலோர இருக்கைக்குக் கூடுதல் கட்டணம் கொடுக்கலாமா?

விமானத்தில் இருக்கையைத் தேர்ந்தெடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்குவது பலருக்கும் எரிச்சலூட்டும் விஷயம். ஆனால் சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ காலை விமானத்தில் போகும் வடசென்னைக்காரர் அந்தச் சில நூறு ரூபாயைத் தயங்காமல் கொடுக்கலாம் என்பதே என் முடிவு. எந்த இருக்கைக்குக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

வடக்கே போகும்போது கரை இடப்பக்கம் இருக்கும் என்பதால் ‘ஏ’ இருக்கைதான் வேண்டும். காலைச் சூரியன் வலப்பக்கம் கடல் மேல் நிற்பதால் இங்கே கண் கூசாது. வெயிலும் கரையின் மேல் நேராக விழுந்து ஊரைத் துலக்கமாகக் காட்டும். விமானம் கிழக்கே கடலை நோக்கி எழும்பி இடப்புறம் திரும்பினால் மெரினாவும் துறைமுகமும் காசிமேட்டின் விசைப்படகுகளும் அடுத்தடுத்து வரும். அவற்றுக்கு அப்பால் திருவொற்றியூர்க் கரையில் வரிசையாகக் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளை, அதாவது கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட கல் சுவர்களை, கவனித்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் தெற்குப் பக்கத்திலும் மணல் சேர்ந்திருக்க, வடக்குப் பக்கத்தில் கரை உள்வாங்கியிருக்கும். நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் கல் சுவர் அதை மறித்ததால்தான் மெரினா அவ்வளவு அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் வீடுகளைத் தின்றது. கருங்கல் கொட்டிய கரையை ஒட்டியே வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் காரணமும் விளைவும் ஒரே பார்வையில் அடங்குவது மேலிருந்து பார்க்கும்போதுதான். பின்னர் எண்ணூர் முகத்துவாரம், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், சாம்பல் குளம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகியவை வரும். வானம் தெளிவாக இருந்தால் பழவேற்காடு ஏரியும் தெரியும்.

காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களில் விமானம் எதிர்த்திசையில் எழும்பி, நகரைக் கிழக்கே ஒதுக்கிவிட்டுப் போய்விடலாம்; தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் போகிறவர்களுக்கே இந்தக் கட்டணத்தை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

இனி வரிசை. இந்தத் தடத்தில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களில், ஏறக்குறைய 10 முதல் 20 வரையுள்ள வரிசைகளில் கீழே பார்த்தால் இறக்கைதான் தெரியும். இறக்கைக்குப் பின்னால் தரை தெரிந்தாலும், என்ஜினின் வெப்பக் காற்று குறுக்கே வந்து காட்சியை அலையடிக்கச் செய்யும். புகைப்படம் எடுப்பவர்கள் இதை உடனே உணர்வார்கள். எனவே இறக்கைக்கு முன்னால், 5 முதல் 8 வரையுள்ள வரிசைகளே சிறந்தவை.

இந்தச் சேவையின் பெரிய குறை வேறொன்று. ஜன்னல்களுக்கு இடையே சுமார் 21 அங்குலமும் இருக்கை வரிசைகளுக்கு இடையே 28 முதல் 30 அங்குலமும் இருப்பதால், இரண்டும் எல்லா வரிசையிலும் பொருந்துவதில்லை. ஒரு பயணத்தில் நான் கட்டணம் கட்டி வாங்கிய இருக்கைக்கு நேரே வெறும் பிளாஸ்டிக் சுவர்தான் இருந்தது. முன் இருக்கையின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தால்தான் வெளியே தெரிந்தது. புகார் செய்தபோது, ஜன்னலோரம் என்பது ஓரத்து இருக்கையை மட்டுமே குறிக்கும் என்று பதில் வந்தது. ஜன்னல் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள், எந்த வரிசையில் ஜன்னல் இல்லை என்பதை இருக்கை வரைபடத்திலேயே காட்ட வேண்டும். அதுவே நியாயம்.

தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் என்னும் சிறிய விசிறி விமானங்களில் இறக்கை மறைக்குமே என்ற கவலை குறைவு. அவற்றின் இறக்கை கூரை மட்டத்தில் இருப்பதாலும், அவை தாழ்வாகவே பறப்பதாலும் ஏரிகளும் வயல்களும் நன்றாகத் தெரியும். விசிறிக்கு நேரே உள்ள வரிசைகளில் மட்டும் இரைச்சல் அதிகம்.

கொல்கத்தாவிலிருந்து திரும்பும்போது கரை வலப்பக்கம் வரும் என்பதால் ‘எஃப்’ இருக்கையைக் கேளுங்கள். கடல் பக்கமிருந்து இறங்கினால் ஓடுபாதையைத் தொடுவதற்குச் சற்று முன் பரங்கிமலையும் அதே பக்கம் அருகில் தெரியும். மாலை விமானத்தில் மட்டும் இதற்குக் கட்டணம் கொடுக்க வேண்டாம். மேற்கு வெயில் நேரே முகத்தில் அடிப்பதால் கரை முழுவதும் கருநிழலாகவே தெரியும்.