கடல்தண்ணிப் பாசிக்கு பிசிஆர் டெஸ்ட், மதுரை லேப் ஒண்ணுல குடுத்துப் பாத்தேன்

இறால் பண்ணை வச்சிருக்கவங்களுக்கு பிசிஆர் (டிஎன்ஏவப் பெருக்கி கிருமி இருக்கானு பாக்குற டெஸ்ட்) ஒண்ணும் புதுசில்ல, குஞ்சு வாங்கும்போதே வெள்ளைப்புள்ளி, ஈஎச்பி மாதிரி இறால் நோயெல்லாம் பாத்துட்டுத்தான் குளத்துல விடுவோம். இப்ப கடல்தண்ணில நச்சுப் பாசி இருக்கானும் அதே மாதிரி பாத்துச் சொல்றோம்னு மதுரைல ஒரு லேப்ல ஆரம்பிச்சிருக்காய்ங்க (பேரு போடல, கீழ திட்டப்போறேன்). பண்ணை ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊருக்கு இங்கிட்டு, வீடு மதுரை, சரி குடுத்துப் பாப்போம்னு போனேன்.

மொதல்ல ஒண்ணு. 2019ல மன்னார் வளைகுடா பச்சையாகி மீனெல்லாம் செத்து ஒதுங்குச்சுல்ல, அந்தப் பூங்கோரைக்கு, அதாவது நாக்டிலூகாவுக்கு, இந்த டெஸ்ட்டே தேவையில்ல, கிளாஸ்ல அள்ளிப் பாத்தா வெறுங்கண்ணுக்கே புள்ளி புள்ளியாத் தெரியும். சூடோநிட்ஸ்சியானு ஒரு டயட்டம் (கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி வகை) இருக்கு, அதுக்குத்தான் டிஎன்ஏ வேணும். சாதா மைக்ராஸ்கோப்புல எல்லா இனமும் ஊசி ஊசியா ஒரே மாதிரி இருக்கும், ஆனா அதுல சிலது மட்டும்தான் டோமோயிக் ஆசிட்ங்கிற விஷத்தச் சுரக்கும். 1987ல கனடாவுல அந்த விஷம் ஏறுன மட்டியத் தின்னு நூறு பேருக்கு மேல படுத்து, சில பேர் செத்தே போனாங்க.

சாம்பிள் எடுக்கச் சொல்லிக்குடுத்த விதம் அருமை. ஃபில்டர் பேப்பர் அடைக்கிற வரைக்கும் தண்ணிய ஓட்டணும், எத்தனை மில்லி ஓடுச்சுனு டியூப் மேலயே எழுதணும், அது இல்லாட்டி லிட்டருக்கு எவ்வளவுங்கிற கணக்கே வராது, அப்புறம் ஐஸ் பெட்டி. அயோடின் போட்ட தண்ணி மைக்ராஸ்கோப்புக்குத் தனி பாட்டில்ல, பிசிஆருக்கு அதக் கொண்டாராதீங்கனு தெளிவாச் சொல்லிட்டாய்ங்க.

ரிப்போர்ட்டுலதான் கடுப்பு. ரெண்டு நாள்னு சொல்லிட்டு இழுத்தடிச்சு, கடைசில "பாசிட்டிவ், சிடி 27"னு ஒத்த வரி! நான் என்ன பண்றது அத வச்சுக்கிட்டு? சிடிங்கிறது மிஷின் எத்தனாவது சுத்துல டிஎன்ஏவக் கண்டுச்சுங்கிற நம்பர், அது சுமார் 3.3 கொறைஞ்சா சரக்கு பத்து மடங்கு கூடனு அர்த்தம், சரி, ஆனா எதுலருந்து பத்து மடங்கு? எண்ணி வச்ச செல்லுல ஸ்டாண்டர்ட் கர்வ் (எவ்வளவு செல்லுக்கு எவ்வளவு சிடினு ஒப்பிடுற கோடு) போட்டாத்தான் லிட்டருக்கு எத்தனை செல்லுனு வரும், கேட்டா சார் இன்னும் வரலங்கிறாங்க கவுண்டர்ல. நெகட்டிவ் கண்ட்ரோல் (பாசி டிஎன்ஏ இல்லாத வெறும் சாம்பிள், கலப்படம் இருக்கானு பாக்க) ஓட்டுனாய்ங்களா இல்லையானும் ரிப்போர்ட்டுல இல்ல. இதுல செத்த பாசியோட டிஎன்ஏவும் சேந்து காட்டும், அதுபோக பாசி இருக்குனா விஷம் ஊறியிருக்குனு ஆயிடாது, விஷத்துக்குத் தனியா டெஸ்ட் இருக்கு, அதையாவது ஒரு வரி போட்டுருக்கலாம்ல. வெள்ளைப்புள்ளி டெஸ்ட்ட விட ரேட்டும் கூட வேற.

அதுக்காக வேஸ்ட்னு சொல்ல மாட்டேன், தண்ணி கலர் மாறுறதுக்கு முன்னாடியே இன்ன இனம்னு தெரியிறது பெரிய விஷயம், மோட்டார் போட்டு குளத்துக்குத் தண்ணி ஏத்தலாமா வேணாமானு முடிவெடுக்க உதவும். ஆனா மைக்ராஸ்கோப் கணக்கையும் சேத்துக் கேட்டு வாங்குங்க, அங்கயே பண்றாய்ங்க, கேட்டாத்தான் தருவாய்ங்க.

அஞ்சுக்கு மூணு. மாடில இருக்கு, லிஃப்ட் கெடையாது, ஐஸ் பெட்டியத் தூக்க கூட ஒரு ஆளோட போங்க. சனிக்கிழமை மதியத்துக்கு மேல சாம்பிள் வாங்க மாட்டாய்ங்க.