ஸ்டார் அனலைசர் 100: திருவொற்றியூர் மொட்டைமாடிக்கு ஏற்றதா?

விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் சிறிய வட்டக் கண்ணாடி இது. அதில் மில்லிமீட்டருக்கு 100 நுண்கோடுகள் கீறப்பட்டிருக்கும். தொலைநோக்கியில் செருகும் ஐபீஸ் அல்லது கேமராவின் 1.25 அங்குல ஃபில்டர் மரையில் அப்படியே திருகிவிடலாம். தொடக்கநிலையினர் தாராளமாக வாங்கலாம்.

முதலில் சிரியஸ். அதன் 486.1, 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் கோடுகளை வைத்து அலைநீளத்தைக் குறித்துக்கொண்டு, திருவாதிரைக்குத் திருப்புங்கள். டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள் படிப்படியாக வெட்டியதுபோல் தெரியும். விண்மீனுக்கு அல்ல, நிறமாலைக்கே ஃபோகஸ் வைக்க வேண்டும். இல்லையேல் கோடுகள் கரைந்துவிடும். கடற்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்தால் துணியால் தேய்க்காதீர்கள், ப்ளோயரால் ஊதுங்கள். மேற்கே மணலி வெளிச்சம் அதிகம். பொருள் உச்சிக்கு வரும்வரை காத்திருப்பது நல்லது.

விண்மீன் மண்டலங்களின் (கேலக்ஸிகளின்) வேதி வரலாற்றை அளக்க இது போதாது. ஆக்சிஜனும் மெக்னீசியமும் பெரும்பாலும் சூரியனைப்போல் 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள் வெடிப்பதால் வருபவை. அவை பிறந்து சில கோடி ஆண்டுகளிலேயே வெடித்துவிடும். இரும்பின் பெரும்பங்கு வெண்குறுமீன் (எரிந்து முடிந்த சிறு விண்மீனின் எச்சம்) வெடிப்புகளிலிருந்து, நூறு கோடி ஆண்டுகள்கூடத் தாமதமாக வரும். அதனால் சட்டென்று விண்மீன்களை உருவாக்கி ஓய்ந்த பெரிய நீள்வட்ட மண்டலங்களில் இரும்போடு ஒப்பிட்டால் மெக்னீசியம் அதிகம். நிதானமாக வளர்ந்த நம் பால்வழித் தட்டில் குறைவு. அந்த விகிதத்தைப் படிக்கப் பிளவு (ஒளி நுழையும் குறுகிய இடுக்கு) பொருத்திய நிறமாலைமானியும் பெரிய தொலைநோக்கியும் வேண்டும். பிளவில்லாத இக்கருவியில், பரந்து தெரியும் மண்டலத்தின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்கிவிடும்.