சோலார் போடுகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் வீட்டு எர்த் குழியில் கம்பியே இல்லை

மாடியில் சோலார் போடப் பேசிக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாக நம்ம குமரி மாவட்டத்துக்காரர்கள், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏமாந்ததைக் கண்டுபிடித்தது நான் இல்லை, எங்கள் நாய்கள். அவர்கள் கண்ட வழியிலேயே சொல்கிறேன்.

தக்கலைப் பக்கம் எங்கள் வீடு. மணிக்கு ஒன்பது வயது, செம்பிக்கு இரண்டு. மொட்டைமாடி இரண்டு பேருக்கும் சொந்தம். மத்தியானம் தண்ணீர்த் தொட்டி நிழலில்தான் படுக்கை. புரட்டாசியில் சோலார்காரர்கள் வந்து இறங்கினார்கள். மூன்று கிலோவாட், ஆறு பேனல், 1,95,000 ரூபாய். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் நம் கணக்குக்கே வரும் என்பதால் துணிந்தோம்.

இரண்டு நாள் குரைத்தார்கள். மூன்றாம் நாள் பேனலுக்கு அடியில் புது நிழல் கிடைத்துவிட்டது. தெற்கே சாய்ந்த பக்கம் இரண்டடி உயரம்தான், நாய்க்கென்று போட்ட பந்தல் மாதிரி. மணி இரும்புச் சட்டத்தின் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டே தூங்குவான்.

தென்னை மூட்டில் எர்த்துக்கு, அதாவது கசியும் மின்சாரம் மண்ணுக்குள் போய்விட, மூன்று குழி எடுத்தார்கள். பேனலுக்கும் சட்டத்துக்கும் ஒன்று, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்தடி செம்புப் பூச்சுக் கம்பி இறக்குவதாகக் கொட்டேஷனில் எழுதியே இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் அம்மா மட்டும். நான் வரும்போது மூன்று பச்சை மூடி வரிசையாகப் பளபளவென்று இருந்தது. "எர்த் எல்லாம் பக்காவா போட்டாச்சு அண்ணே" என்றார் வேலைக்குத் தலைமையாக வந்தவர். மூடியைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பாக்கிப் பணத்தைக் கொடுத்து, வேலை முடிந்ததாகக் கையெழுத்தும் போட்டேன். செம்பி பகல் முழுக்க அந்தக் குழிப்பக்கமே உட்கார்ந்திருந்தாள் என்று அம்மா சொன்னாள்.

நெட் மீட்டர் (நாம் எடுப்பதையும் வெளியே அனுப்புவதையும் தனித்தனியாகக் கணக்கிடும் மீட்டர்) வர நாளாகும், அதுவரை ஓடட்டும் என்று ஆன் பண்ணிவிட்டுப் போனார்கள். அதுவே தப்பு. மின்வாரியம் மீட்டரை மாற்றும் முன் ஓட்டக் கூடாது. பழைய மீட்டர், நாம் வெளியே அனுப்பும் யூனிட்டையும் நாம் எரித்ததாகக் கணக்கில் ஏற்றிவிடக்கூடும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஒரு மத்தியானம், மழை விட்டு வெயில் அடித்த நேரம், மாடியில் மணி வீலென்று கத்தினான். படியில் உருளாத குறையாக ஓடி வந்து கட்டிலுக்கடியில் புகுந்தான். தேள் கொட்டியிருக்கும் என்று உடம்பெல்லாம் தடவிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு சோற்றுச் சட்டியைக் காட்டிக் கூப்பிட்டாலும் மூன்றாவது படியோடு நின்றுவிடுவான். காது பின்னால் ஒடுங்கிவிடும், முன்காலில் ஒன்று தூக்கியபடியே நிற்கும். இடிக்குப் பயந்துவிட்டான் என்று ஐந்து நாள் விட்டுவிட்டோம். அந்த ஐந்து நாளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. நாங்கள் ரப்பர் செருப்போடு போனதால் ஒன்றும் தெரியவில்லை. அம்மா வெறுங்காலோடு போய் ஈரத்துணி விரிக்கிறவள். மழை என்பதால் அந்த வாரம் துணியெல்லாம் திண்ணையிலேயே காய்ந்தது.

ஆறாம் நாள் செம்பி நடு மூடியின் ஓரமாகத் தோண்டி, பச்சை ஒயரைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். ஒயரின் நுனி மண்ணுக்கு வெளியே கிடந்தது. கம்பியும் இல்லை, கிளாம்பும் இல்லை, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. முழங்கை ஆழம்கூடப் போகவில்லை. அடுத்த மூடியைத் திறந்தேன், வெறும் மணல். மூன்றாவதில் ஒரு அடி இரும்புத் துண்டு. மரச்சீனிக் கிழங்கைப் பிடுங்குகிற மாதிரி கையோடு வந்தது.

எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து, ஆன் செய்து, சட்டத்தின் காலில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. இப்போது வருகிற இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாதாம். அதனால் பேனலிலிருந்து சட்டத்துக்குக் கொஞ்சம் மின்கசிவு இருக்கும், நனைந்தால் கூடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் ஈர உடம்போடு யார் தொடுகிறார்களோ அவர்கள் வழியாகப் போகும். ஆறு பேனல் தொடராகச் சேர்ந்தால் வெயிலில் சுமார் 250 வோல்ட். ஒயர் எங்காவது உரிந்து சட்டத்தில் பட்டால் வெறும் கசிவோடு நிற்காது. ஐப்பசி இடியில் இடிதாங்கிக்கும் எர்த் இல்லாமல் இருந்திருக்கிறோம்.

சோலார்காரருக்குப் போன் போட்டேன். "மழைல அப்படித்தான் இருக்கும், செருப்பு போட்டுட்டுப் போங்க" என்றார். அதோடு சரி, பிறகு எடுக்கவே இல்லை.

மூன்று எர்த்தையும் புதிதாகப் போட 14,000 ரூபாய் ஆனது. இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். கம்பியைக் குழியருகே நிறுத்திப் படம் எடுத்தேன், எர்த் டெஸ்டரில் அளந்து மூன்றின் மின்தடையும் ஐந்து ஓமுக்குக் கீழே வந்ததைப் (குறைவாக இருந்தால்தான் நல்ல எர்த்) பில்லிலேயே எழுதி வாங்கினேன். நீங்களும் லீவு போட்டாவது குழி வெட்டும் நாளில் வீட்டில் இருங்கள். நெட் மீட்டர் ஓடும்வரை கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1915 எண்ணில் நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கொட்டேஷன், படங்களோடு அந்தப் பச்சை ஒயர் நுனியையும் வெட்டி, பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். டேப் மேல் செம்பியின் பல் தடம் அப்படியே இருக்கிறது.